ஆஃப்-ரோடு வண்டிக்கு எந்த ஸ்டீல் வீல்?

டயர் வாங்கும்போது மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள்கூட, வீல் என்று வந்தால் ஐந்து நிமிடத்தில் முடிவெடுத்துவிடுகிறார்கள். கடைச் சுவரில் மாட்டியிருப்பதில் எது கண்ணுக்குப் பிடிக்கிறதோ அதுதான். நான் முதல் முறை வாங்கியதும் அப்படித்தான். எட்டு அங்குல அகலம், வண்டிக்கு வெளியே நன்றாகத் தள்ளி நிற்கும் வாகு, கறுப்பு பெயிண்ட். மாட்டிய அன்று வண்டி பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் முன்பக்க பேரிங் இரண்டும் ஊளையிட ஆரம்பித்தன. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டு ஓரத்தை உரசியது. சேற்றுப் பாதையில் போய் வந்தால் கதவுக் கைப்பிடி வரை சேறு. வீலில் எந்தக் கோளாறும் இல்லை. அந்த வண்டிக்கு அது பொருந்தாத வீல், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு பல செட் வீல்களை மாட்டியும் கழற்றியும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. வண்டி தயாரித்தவர்கள் கொடுத்த எண்களை விட்டு எவ்வளவு குறைவாக விலகுகிறோமோ அவ்வளவு நிம்மதி. இதை மனதில் வைத்துக்கொண்டே கீழே உள்ள ஒவ்வொரு வகையையும் எடை போடுகிறேன்.

முதலில், ஸ்டீல்தான் வேண்டுமா?

இரும்பின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 7.8 கிராம். அலுமினியத்துக்கு 2.7 கிராம். இதைப் பார்த்து ஸ்டீல் வீல் மூன்று மடங்கு கனம் என்று நினைத்துவிடக் கூடாது. அலுமினியத்தைத் தடிமனாக வார்த்தால்தான் தாங்கும். ஸ்டீலைத் தகடாக அழுத்தியே வீல் செய்துவிடலாம். ஆகவே ஒரே அளவுள்ள, அலுமினியக் கலவையில் செய்த அலாய் வீலுக்கும் ஸ்டீல் வீலுக்கும் நடுவில் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சில கிலோதான். ஆனால் அந்தச் சில கிலோ இருக்கும் இடம்தான் முக்கியம். அது ஸ்பிரிங்குக்குக் கீழே, எந்நேரமும் சுற்றிக்கொண்டிருக்கிற எடை. ஒவ்வொரு குழியிலும் ஷாக் அப்சார்பர் அதை அடக்கியாக வேண்டும், ஒவ்வொரு பிரேக்கிலும் அதை நிறுத்தியாக வேண்டும். ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து வீல் என்று கணக்குப் போடுங்கள். ஸ்டெப்னி பின்கதவில் தொங்கும் வண்டி என்றால், கூடுகிற எடையைக் கதவின் கீல்தான் தாங்க வேண்டும்.

அப்படியிருந்தும் ஏன் ஸ்டீல்? ஒரு முறை பிடிப்புக்காக டயரில் காற்றழுத்தத்தை 18 பி.எஸ்.ஐ.க்குக் குறைத்து வைத்துக்கொண்டு கல் பாதையில் இறங்கிக்கொண்டிருந்தோம். பின்வீல் ஒரு பாறை விளிம்பில் டங்கென்று விழுந்தது. இறங்கிப் பார்த்தால் வெளிப்பக்கத்தில் ஒன்றுமே தெரியவில்லை. காற்று மட்டும் உஸ்ஸென்று போய்க்கொண்டிருந்தது. சோப்புத் தண்ணீரைச் சுற்றிலும் ஊற்றினோம். உள்பக்க விளிம்பில் ஓரிடத்தில் நுரை பொங்கியது. ரிம்மின் உதடு நான்கு விரல் அகலத்துக்கு உள்நோக்கி மடங்கியிருந்தது. ஜாக்கி போட்டு வீலைக் கழற்றித் தரையில் படுக்க வைத்து, அடியில் ஒரு மரக்கட்டையைக் கொடுத்து, இரண்டு கிலோ சுத்தியலால் ஓங்கி அடிக்காமல் தட்டித் தட்டியே நிமிர்த்தினோம். அரை மணி நேரம் ஆனது. காற்றை ஏற்றினால் டக்கென்று பீட், அதாவது ரிம்மில் பொருந்தும் டயரின் உள்விளிம்பு, உட்கார்ந்தது, நுரையும் நின்றது. அன்று இரவே சொந்தக் காற்றில் ஊர் திரும்பினோம்.

ஸ்டீலின் குணம் இது. அடி விழுந்தால் நெளியும், நெளிந்ததை நிமிர்த்தலாம். வார்ப்பு அலாய் அதே அடியில் விரிசல் விடும், சில நேரம் ஒரு துண்டே பெயர்ந்து வந்துவிடும். காட்டுக்குள் அதற்கு வைத்தியமே கிடையாது. அதே சமயம், சுத்தியலால் நிமிர்த்திய வீல் வீடு வந்து சேரும் வரைக்கும்தான். ஒரு முறை வளைந்து நிமிர்ந்த இடத்தில் உலோகம் களைத்துப் போயிருக்கும். அதைத் தொடர்ந்து நெடுஞ்சாலை வேகத்தில் ஓட்டாதீர்கள்.

உங்கள் ஓட்டத்தில் முக்கால்வாசி தார்ச் சாலை, மாதத்துக்கு ஒரு முறை மண் பாதை என்றால் நல்ல அலாயே போதும். அது லேசானது, வட்டம் துல்லியமாக இருக்கும், பேலன்சிங் எளிது. அடித்து உருவாக்கும் ஃபோர்ஜ்டு அலாய் வார்ப்பு அலாயைவிட நன்றாகவே அடி தாங்கும். கல்லும் பாறையும் அடிக்கடி வருகிற பாதை, உதவி கிடைக்க நாளாகிற இடம், நிறையச் சுமை, இந்த மூன்றில் ஒன்றாவது உங்களுக்குப் பொருந்தினால் மட்டும் ஸ்டீலுக்கு வாருங்கள்.

வீலின் முதுகில் எழுதியிருப்பது

சரி, ஸ்டீல் என்று முடிவாகிவிட்டது. கடைக்காரர் வீலை முகம் காட்டி நிறுத்தியிருப்பார். அதைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். உள்பக்கத்தில் 16×7ஜே, ஈ.டி.30 என்பது மாதிரி ஒரு முத்திரை இருக்கும். 16 அங்குல விட்டம், 7 அங்குல அகலம், கீழே சொல்லப்போகும் ஆஃப்செட் 30 மி.மீ. என்று பொருள். பக்கத்தில் எங்காவது எத்தனை கிலோ தாங்கும் என்று இருக்கும், அல்லது இருக்க வேண்டும். விலையைப் பற்றிப் பேசுவதற்கு முன் படிக்க வேண்டியது இதுதான்.

முதலில் பி.சி.டி., அதாவது போல்ட் துளைகள் உட்காரும் வட்டத்தின் விட்டம். ஆறு துளை என்றால் எதிரெதிர்த் துளைகளின் மையத்துக்கு மையம் அளந்தால் போதும். ஐந்து துளையில் எதிர்த் துளை என்று ஒன்று இல்லை. அடுத்தடுத்த இரண்டு துளைகளின் மையத்துக்கு மையம் அளந்து 1.7-ஆல் பெருக்குங்கள். 82 மில்லிமீட்டர் வந்தால் அது 139.7 வட்டம், 88 வந்தால் 150. சுசுகி ஜிம்னிக்கு 5×139.7, லேண்ட் குரூசர் 100, 200 வரிசைகளுக்கு 5×150, ஜீப் ராங்க்ளரில் ஜே.கே., ஜே.எல். இரண்டுக்கும் 5×127. அதே ராங்க்ளரின் முந்தைய டி.ஜே. மாடலுக்கு 5×114.3. ஒரே பெயரில் உள்ள வண்டிதானே என்று வாங்கினால் மாட்டிக்கொள்வோம்.

அடுத்தது நடுத்துளை, அதாவது வண்டியின் ஹப் (வீலைத் தாங்கிச் சுற்றும் குடம்) நுழையும் துளை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். டொயோட்டா ஹைலக்ஸுக்கும் பிற்கால மிட்சுபிஷி பஜேரோவுக்கும் ஒரே 6×139.7. ஆனால் ஹைலக்ஸின் நடுத்துளை 106 மி.மீ., பஜேரோவினுடையது 67 மி.மீ. பஜேரோ வீல் ஹைலக்ஸ் ஹப்பில் ஏறவே ஏறாது. ஹைலக்ஸ் வீல் பஜேரோவில் ஏறிவிடும். ஆனால் ஹப்பைத் தொடாமல் வெறும் போல்ட்டுகளை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்கும். நடுத்துளை ஹப்பில் கச்சிதமாக உட்காரும் வீலில், வீலை மையத்தில் நிறுத்தும் வேலையை ஹப் செய்கிறது. பெரிய துளை உள்ள வீலில் அந்த வேலை முழுக்க நட்டின் கூம்புக்குப் போய்விடும். இரண்டும் ஓடும். இரண்டாவது வகையில் நட்டை முடுக்கும்போது கொஞ்சம் அசிரத்தையாக இருந்தால்கூட வீல் மையம் தப்பி உட்காரும், ஸ்டீயரிங் உதறும். வெளிக்கடை வீல்கள் பலவும் எல்லா வண்டிக்கும் பொருந்தட்டும் என்று துளையைப் பெரிதாக விட்டே வருகின்றன.

அப்புறம் ஆஃப்செட். நான் பேரிங்கில் விலை கொடுத்துக் கற்றுக்கொண்ட பாடம் இது. ரிம்மின் அகலத்துக்கு நட்டநடுவே ஒரு கோடு போடுங்கள். ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து வெளிப்பக்கம் தள்ளி இருந்தால் கூட்டல், உள்பக்கம் இருந்தால் கழித்தல், கோட்டின் மேலேயே இருந்தால் சுழியம். எண் குறையக் குறைய வீல் வண்டியை விட்டு வெளியே வரும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். வண்டியோடு வந்தது ஏழு அங்குல அகலம், ஆஃப்செட் +30. நீங்கள் ஆசைப்படுவது எட்டு அங்குலம், ஆஃப்செட் சுழியம். அகலம் ஒரு அங்குலம் கூடியதில் பக்கத்துக்கு 12.7 மி.மீ., ஆஃப்செட் மாறியதில் 30 மி.மீ. மொத்தம் வீலின் வெளிவிளிம்பு 42.7 மி.மீ. வெளியே வந்துவிடுகிறது. உள்விளிம்போ சஸ்பென்ஷனை விட்டு 17.3 மி.மீ. விலகுகிறது. இப்போது இதற்குப் பதிலாக ஏழரை அங்குலம், +20 என்று எடுத்தால்? வெளியே 16 மி.மீ. சொச்சம், உள்ளே மூன்றரை மி.மீ. சொச்சம். பார்வைக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது, வண்டிக்கு நன்றாகத் தெரியும்.

காரணம் நெம்புகோல்தான். டயர் தரையைத் தொடும் இடம் பேரிங்கை விட்டு வெளியே போகப் போக, அதே எடை பேரிங்கை அதிகமாக முறுக்கும். முன்வீலில் இன்னொரு விஷயமும் சேரும். ஸ்டீயரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் பதியும் மையத்துக்கும் உள்ள தூரம் கூடுகிறது. ஒரு பக்க டயர் கல்லில் மோதும்போது ஸ்டீயரிங் கையைப் பிடுங்கும். கட்டை விரலை ஸ்டீயரிங் வளையத்துக்குள் விட்டு ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு அந்த வலி தெரியும். முழுக்கத் திரும்பும்போது டயர் போடும் வட்டமும் பெரிதாவதால் மட்கார்டில் உரசல் வரும். பல நாடுகளில் வண்டியின் தட அகலம் (இடது, வலது வீல்களுக்கு நடுவே உள்ள தூரம்) இவ்வளவுக்கு மேல் கூடக் கூடாது, டயர் மட்கார்டுக்கு வெளியே தெரியக் கூடாது என்றெல்லாம் விதி உண்டு. நீங்கள் பதிவு செய்திருக்கும் இடத்து விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் சொன்ன பிறகு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். அகலமான டயர் போட்டால் கம்பெனி ஆஃப்செட்டில் அது உள்பக்கம் சஸ்பென்ஷனின் கன்ட்ரோல் ஆர்மையோ ஸ்பிரிங்கையோ உரசலாம். வண்டியை உயர்த்தியிருந்தால் தட அகலம் கொஞ்சம் கூடுவது சரிவில் நிதானம் தரும். ஆகவே ஆஃப்செட்டைப் பத்து, பதினைந்து மி.மீ. குறைப்பது நியாயம். முப்பது, ஐம்பது குறைப்பது பெரும்பாலும் அழகுக்காகத்தான்.

தாங்கும் எடையைப் பற்றிச் சுருக்கமாக. மொத்த எடையை நான்கால் வகுக்காதீர்கள். சுமை ஏற்றிய வண்டியில் பின் ஆக்சில்தான் அதிகம் தாங்கும். பின் ஆக்சிலுக்கு அனுமதித்த அதிகபட்ச எடை 1,800 கிலோ என்றால் வீலுக்கு 900 கிலோ என்பதே குறைந்தபட்சம். மேடு பள்ளத்தில் குதிக்கும் வண்டிக்கு அதற்கு மேலும் இருப்பது நல்லது. இந்த எண் எங்குமே பொறிக்கப்படாத வீல் எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கம்பெனி ஸ்டீல் வீல்

உங்கள் வண்டியின் அடிப்படை மாடலுக்கு அதே கம்பெனி மாட்டி அனுப்புகிற சாதாரண ஸ்டீல் வீல் இது. பலர் இதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. எனக்கு முதல் தேர்வு இதுதான். நடுத்துளை ஹப்போடு கச்சிதம், ஆஃப்செட் சரி, தாங்கும் எடை அந்த வண்டிக்கென்றே கணக்கிட்டது. அலாய்க்கு மாறியவர்கள் கழற்றிப் போட்டதை நல்ல நிலையில் எடுக்கவும் முடியும்.

குறை என்று பார்த்தால் இரண்டு. பெரும்பாலும் ஆறு, ஏழு அங்குல அகலத்தில்தான் வரும், ஆகவே மிக அகலமான டயர் போட முடியாது. அடுத்தது பிரேக். அடிப்படை மாடலுக்கு வந்த 15 அங்குல வீல், பெரிய டிஸ்க் உள்ள மேல் மாடலின் காலிப்பரை, அதாவது டிஸ்க்கைக் கவ்வும் பிரேக் பாகத்தை, இடிக்கலாம். வண்டி ஒன்றுதான் என்றாலும் உங்கள் மாடலின் பிரேக்கோடு ஒத்துப் பாருங்கள்.

பழைய வீல் எடுக்கும்போது நான் செய்வதைச் சொல்கிறேன். முதலில் கம்பித் தூரிகையால் போல்ட் துளைகளைச் சுற்றி நன்றாகத் தேய்ப்பேன். துளையின் கூம்பு வட்டமாக இருக்க வேண்டும். முட்டை வடிவில் நீண்டிருந்தால் யாரோ நட்டு தளர்ந்தபடியே ஓட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம், அந்த வீல் வேண்டாம். துளைக்கும் துளைக்கும் நடுவே மயிர்க்கோடு போலத் துரு ஒழுகிய தடம் தெரிந்தால் அது விரிசல். போல்ட் துளைகள் உள்ள நடுத்தட்டும் அதைச் சுற்றிய ரிம்மும் சேரும் வெல்டிங்கிலும் அதே மாதிரி தேடுங்கள். பிறகு உள்விளிம்பை விரலால் ஒரு முழுச் சுற்று தடவிப் பாருங்கள். கண் தவறவிடும் நெளிவை விரல் பிடித்துவிடும். கடைசியாக, டயர் போடாமல் வெறும் வீலை ஹப்பில் மாட்டிச் சுற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவரை அசையாமல் பிடித்துப் பாருங்கள். நுனிக்கும் ரிம்முக்கும் உள்ள இடைவெளி ஒரே சுற்றுக்குள் கூடிக் குறைந்தால் வீல் வட்டம் தப்பியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டருக்குள் என்றால் கவலை இல்லை. இரண்டு, மூன்று என்று ஆடினால் எந்த பேலன்சிங்கும் அதைச் சரிசெய்யாது.

வெளிக்கடை ஸ்போக் வீல், டி துளை வீல்

சந்தையில் ஸ்டீல் வீல் என்று கேட்டால் பெரும்பாலும் காட்டுவது இவற்றைத்தான். உருட்டி வெல்டிங் செய்த ரிம்முக்குள், அழுத்தி எடுத்த நடுத்தட்டை வைத்து வெல்டிங் செய்திருப்பார்கள். நடுத்தட்டை எந்த ஆழத்தில் வைக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஆஃப்செட் மாறும். ஒரே தோற்றத்தில் பல அகலம், பல ஆஃப்செட் கிடைப்பது இதனால்தான். கம்பெனி வீலில் கிடைக்காத ஏழரை, எட்டு அங்குல அகலம் வேண்டும் என்றால் இங்கேதான் வர வேண்டும். இதன் பெரிய பலம் இந்தத் தேர்வு வசதி.

பலவீனம், தரம் ஒரே சீராக இருக்காது. ஒரே பெட்டியிலிருந்து வந்த நான்கில் மூன்று அருமையாக ஓடும், ஒன்று ஆடும். நல்ல தயாரிப்பில் வெல்டிங் சுற்றிலும் ஒரே அகலத்தில் இருக்கும், உள்ளே தெறித்த வெல்டிங் மணிகள் இருக்காது. ஆகவே வாங்குவதற்கு முன்பே கேளுங்கள்: ஆடினால் மாற்றித் தருவீர்களா? டயர் ஏற்றிய பிறகு எவரும் திரும்ப வாங்க மாட்டார்கள். அதற்கு முன்பே ஐந்தையும் சுற்றிப் பார்த்துவிட வேண்டும்.

பெயிண்ட்டையும் கவனியுங்கள். வெளிமுகத்தில் எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நல்லதுதான். ஹப்பில் ஒட்டும் பின்முகத்திலும் நட்டு உட்காரும் கூம்பிலும் தடிமனான பவுடர் கோட்டிங் இருந்தால் ஆபத்து. ஓட ஓட அந்தப் பூச்சு நசுங்கும், நசுங்கிய அளவுக்கு நட்டின் பிடி தளரும். அப்படி இருந்தால் அந்த இரண்டு இடங்களில் மட்டும் பூச்சைச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லுங்கள்.

ஸ்போக்கா, டி வடிவத் துளையா, வட்டத் துளையா? பலத்தில் இவற்றுக்குள் பெரிய பேதம் சொல்ல முடியாது. தகட்டின் தடிமனும் வெல்டிங்கும்தான் பலத்தைத் தீர்மானிக்கின்றன. சேறு மட்டும் ஒரு வித்தியாசம் காட்டும். துளை பெரிதாக இருந்தால் உள்ளே சேரும் சேற்றைத் தண்ணீர்க் குழாயை விட்டு எளிதாகக் கழுவிவிடலாம். சிறிய துளை உள்ள வீலில் உள்பக்கம் சேறு காய்ந்து ஒட்டிக்கொள்ளும். சேற்றுப் பாதைக்குப் போய் வந்த மறுநாள் நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் தடதடவென்று உதறினால் அலைன்மென்ட் கடைக்கு ஓட வேண்டாம். வீலின் உள்பக்கத்தில் கையை விட்டுப் பாருங்கள். பத்தில் ஒன்பது முறை ஒரு பிடி காய்ந்த சேறு கையோடு வரும்.

பீட்லாக்கும் பிரிக்கும் ரிம்மும்

பீட்லாக் வீலில் டயரின் வெளிப்பக்க பீட்டை ரிம்முக்கும் தனி வளையம் ஒன்றுக்கும் நடுவே வைத்து, சுற்றிலும் வரிசையாகப் போல்ட் போட்டு இறுக்குவார்கள். சாதாரண வீலில் டயரை விளிம்போடு அழுத்திப் பிடித்திருப்பது உள்ளே இருக்கும் காற்றுதான். 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறக்கிப் பாறை ஏறும்போது அந்தப் பிடி போதாமல் டயர் ரிம்மை விட்டுக் கழன்று வரலாம். பீட்லாக் அதைத் தடுக்கிறது. அந்த வேலைக்கு இதைவிடச் சிறந்தது இல்லை.

ஆனால் யோசித்துப் பாருங்கள். மணலிலும் மண் பாதையிலும் பெரும்பாலோர் 15 முதல் 20 பி.எஸ்.ஐ. வரைதான் இறக்குகிறோம். அகலம் சரியாக உள்ள சாதாரண ரிம்மே அதற்குப் போதும். ரிம்மின் உள்ளே பீட்டுக்குப் பக்கத்தில் சிறு மேடு ஒன்று ஓடும். பீட் உள்ளே சரியாமல் தடுக்கத்தான் அது இருக்கிறது. பீட்லாக் வாங்கினால் அத்தனை போல்ட்டுகளையும் டார்க் ஸ்பேனர் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) வைத்து ஒரே அளவில் முடுக்க வேண்டும், சில நாள் ஓட்டிய பிறகு மறுபடி பார்க்க வேண்டும், அதற்குப் பிறகும் அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எடையும் கூடும். பொதுச் சாலையில் ஓட்ட அனுமதிக்காத இடங்கள் உண்டு. பாறை ஏறுவதே உங்கள் விளையாட்டு, வண்டியை அதற்கென்றே வைத்திருக்கிறீர்கள் என்றால் தாராளமாகப் போடுங்கள். தினசரி ஓட்டும் வண்டிக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். பீட்லாக் மாதிரி தோற்றத்துக்காக வெறும் வளையத்தை ஒட்டி வரும் வீல்களும் உண்டு. அவற்றில் கூடுதல் எடையைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது.

பூட்டு வளையம் வைத்த பழைய பிரிக்கும் ரிம்மைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. கையால் கழற்றி பஞ்சர் ஒட்டலாம் என்பதற்காகவே அதை விரும்புகிறவர்கள் இருக்கிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் காற்று ஏற்றும்போது வளையம் சரியாக உட்காராவிட்டால் குண்டு மாதிரி தெறிக்கும். ஆட்கள் இறந்திருக்கிறார்கள். டியூப்லெஸ் டயருக்குக் கையில் ஒரு பஞ்சர் கிட் இருந்தாலே போதும் என்கிற இந்தக் காலத்தில் அந்த ஆபத்தை விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை.

15, 16, 17: எந்த விட்டம்?

265/75 ஆர்16 என்றால் டயர் அகலம் 265 மி.மீ., பக்கச் சுவர் அதில் 75 சதவீதம், வீல் விட்டம் 16 அங்குலம். அந்த டயரின் வெளிவிட்டம் ஏறக்குறைய 804 மி.மீ. 265/70 ஆர்17-இன் வெளிவிட்டம் 803 மி.மீ. வெளியே இரண்டும் ஒன்றுதான். டயரின் பக்கச் சுவர் மட்டும் முன்னதில் 199 மி.மீ., பின்னதில் 186 மி.மீ. அந்த 13 மி.மீ. கூடுதல் ரப்பர்தான் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே நிற்கிறது. காற்றை இறக்கும்போது டயர் நீளமாகப் படுத்துத் தரையைப் பிடிப்பதும் இதனால்தான். ஆகவே பிரேக் இடிக்காத மிகச் சிறிய விட்டத்தை எடுங்கள். பிரேக் அனுமதித்தால் 17-ஐவிட 16 மேல். 15 இன்னும் நல்லதுதான். ஆனால் புதிய வண்டிகளில் பெரும்பாலும் பிரேக் விடாது, 15-க்கான டயர் வகைகளும் குறைந்துகொண்டே வருகின்றன. எந்த விட்டம் நீங்கள் போகும் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கிறது என்பதையும் கணக்கில் எடுங்கள். காட்டுக்குள் ஒரு டயர் கிழிந்தால் அடுத்த சிற்றூரில் மாற்று கிடைக்க வேண்டுமே.

அகலத்தை டயர் சொல்லும். 31×10.50 ஆர்15 டயருக்கு (31 அங்குல வெளிவிட்டம், 10.5 அங்குல அகலம்) ஏழு முதல் ஒன்பது அங்குலம் வரை அனுமதி உண்டு, 265/75 ஆர்16-க்கு ஏழு முதல் எட்டு வரை. அனுமதித்த வரம்பின் குறுகலான பாதியில் நிற்பது என் வழக்கம். குறுகிய ரிம்மில் டயர் வெளியே புடைத்து நின்று ரிம் உதட்டை மறைக்கும், காற்று குறைவாக இருக்கும்போது பீட்டும் நன்றாகப் பிடித்திருக்கும். அகல ரிம்மில் டயர் இழுபட்டு உதடு வெளியே தெரியும், முதல் அடி அதன் மேல்தான் விழும். டேப் வைத்து அளப்பவர்களுக்கு ஒன்று: ரிம் அகலம் என்பது பீட் உட்காரும் உள்ளளவு. எட்டு அங்குல வீலை வெளியே விளிம்புக்கு விளிம்பு அளந்தால் ஏறக்குறைய ஒன்பது காட்டும். பழைய வீலை அப்படி அளந்துவிட்டு ஒன்பது அங்குலம் என்று விற்பவர்களும் இருக்கிறார்கள்.

யாருக்கு எது

கம்பெனி அளவு டயரையோ அதைவிட ஓரளவு பெரியதையோ போட்டு, மண் பாதை, காட்டுப் பாதை, நீண்ட பயணம் என்று ஓடும் வண்டிக்குக் கம்பெனி ஸ்டீல் வீல். கூடுதல் சுமையோடு நாள்கணக்கில் பயணம் போகிறவர்களுக்கும் அதேதான், தாங்கும் எடையை மட்டும் இன்னொரு முறை பார்த்துக்கொண்டு. வண்டியைக் கொஞ்சம் உயர்த்தி, அகலமான டயர் போட்டு, அது உள்பக்கம் உரசுகிறது என்றால் வெளிக்கடை ஸ்டீல், ஆஃப்செட் பத்து பதினைந்துக்கு மேல் குறையாமல். வீலை மாற்றாமல் ஹப்புக்கும் வீலுக்கும் நடுவே ஸ்பேசர் போட்டுக்கொள்ளலாமே என்று கேட்பார்கள். பேரிங்குக்கு இரண்டும் ஒரே பாரம்தான், ஸ்பேசரில் கூடுதலாக இன்னொரு வரிசை நட்டுகளைக் கவனிக்க வேண்டும். ஆகவே அதைவிட வீலே மேல்.

எதை எடுத்தாலும் நட்டை மறக்காதீர்கள். டொயோட்டாவின் பல அலாய் வீல்களுக்கு வரும் நட்டு, தட்டையான வாஷரோடு அடியில் குழாய் மாதிரி நீண்டிருக்கும். ஸ்டீல் வீலுக்கு வேண்டியது 60 பாகைக் கூம்பு உள்ள நட்டு. அலாய் நட்டையே ஸ்டீல் வீலில் போட்டு முடுக்கினால் இறுகியது போலத்தான் இருக்கும். ஆனால் வாஷர் கூம்புத் துளையின் ஓரத்தில் மட்டும் உட்கார்ந்திருக்கும். ஓட ஓடத் துளை தேய்ந்து நட்டு தளரும். நான் பார்த்த முட்டை வடிவத் துளைகளில் பாதிக்கு இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஸ்டெப்னி மட்டும் ஸ்டீலாக இருக்கும் வண்டிகளிலும் இதே சிக்கல் வரலாம். கையேட்டில் எந்த நட்டை எதற்குப் போட வேண்டும் என்று பாருங்கள். டயருக்குள் காற்றழுத்த சென்சார் இருந்தால், அதன் வால்வு ஸ்டீல் ரிம்மின் தகட்டுத் தடிமனுக்குப் பொருந்துமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

வீல் வந்ததும் டயர் ஏற்றக் கொடுக்காதீர்கள். ஒரே ஒரு வீலை எடுத்து முன்பக்க ஹப்பில் மாட்டி நட்டுகளை முடுக்குங்கள். கையால் முழுச் சுற்று சுற்றி, காலிப்பருக்கும் ரிம்முக்கும் நடுவே விரல் நுழைகிறதா பாருங்கள். ஸ்டீயரிங்கை இரண்டு பக்கமும் முழுக்க ஒடித்து, ஸ்டீயரிங்கோடு இணைந்த டை ராடு முனையும் கன்ட்ரோல் ஆர்மும் எவ்வளவு தள்ளி நிற்கின்றன என்று பாருங்கள். ஸ்டெப்னி கேரியரிலும் அதே வீலை மாட்டிப் பாருங்கள். ஆஃப்செட் மாறினால் அது அங்கே சரியாக உட்காராமல் போகலாம். எல்லாம் சரி என்றால் டயர் ஏற்றி, நட்டுகளை எதிரெதிராக நட்சத்திர வரிசையில், கையேடு சொல்லும் டார்க்கில் முடுக்குங்கள். 50 முதல் 100 கிலோமீட்டர் ஓடியதும் வண்டியை ஓரங்கட்டி, வீல் ஆறிய பிறகு ஒவ்வொரு நட்டையும் மறுபடி அதே டார்க்கில் சரிபாருங்கள். புது பெயிண்ட் உள்ள ஸ்டீல் வீலில் ஒன்றிரண்டு நட்டாவது கால் சுற்று திரும்பும்.